எத்தனைக்கு எத்தனை?

பினாங்கின் ஆயர் ஈத்தாம் சந்தையின் காலைக் கூட்டம் கலைந்து, லக்சா கடைகளின் புளிமணமும் அடங்கி, கெக் லோக் சி கோயிலின் கோபுரத்தின்மேல் அந்திவெயில் மங்கிக்கொண்டிருக்கும் வேளையில், இவ்வூரின் பள்ளிக்கூட மதில்களை ஒட்டி நடந்து போகிறவன் காதில் தவறாமல் விழுகின்ற ஓசை ஒன்று உண்டு. அது சிமெண்டுத் தரையில் பந்து மோதும் ஓசை. 1917இல் தோன்றிப் பிற்காலத்தில் இங்கே குடியேறிய சுங் லிங் பள்ளி முதலாகச் சீனப் பள்ளிகள் பலவும் கூடைப்பந்தை ஆர்வத்தோடு போற்றி வளர்த்து வந்த காரணத்தால், அது அவர்களுடைய ஆட்டம், நமக்குக் கால்பந்து போதும் என்ற அபிப்பிராயம் நம்மவரிடையே நெடுங்காலமாக வேரூன்றிவிட்டது. ஆயினும் இந்நாளில் கல்லூரி ஆட்டங்களைப் பார்க்கப் போனால், அணிப் பட்டியலில் தமிழ்ப் பெயர் ஒன்றேனும் தென்படாமல் இருப்பதில்லை.

சென்ற மாதம் அத்தகைய ஆட்டமொன்றுக்கு என் தம்பியின் பேத்தி என்னை அழைத்துக்கொண்டு போனாள். எந்தக் கல்லூரிக்கும் எந்தக் கல்லூரிக்கும் என்பது இங்கே வேண்டா. நான் வேர்க்கடலைப் பொட்டலத்தைப் பிரித்து வைத்துக்கொண்டு வேடிக்கை பார்க்கத் தயாரான சமயத்தில், அவள் கட்டம் போட்ட நோட்டு ஒன்றை மடியில் விரித்து, இடப்புறத்தில் ஆட்டக்காரர்களின் சட்டை எண்களை மேலிருந்து கீழாக எழுதி, ஒவ்வோர் எண்ணுக்கும் நேரே நான்கு பத்திகள் வகுத்துக்கொண்டாள். பந்து கூடைக்குள் விழுந்தால் ஒரு கோடு. விழாமற்போனால் ஒரு சிறு வட்டம். பந்தை எதிரணியிடம் பறிகொடுத்தால் ஒரு பெருக்கற்குறி. தவறிய பந்தைத் தாவிப் பிடித்தால் ஒரு புள்ளி. நெட்டையான ஓர் இளைஞன் அடுத்தடுத்துக் கூடை போட, கூட்டம் எழுந்து நின்று ஆரவாரித்தது. நானும் உற்சாக மிகுதியில், "அவன் இதுவரை எத்தனை போட்டான் அம்மா?" என்று கேட்டேன். அவள் நோட்டிலிருந்து தலையை நிமிர்த்தாமலே, "எத்தனைன்னு கேக்காதீங்க தாத்தா, எத்தனைக்கு எத்தனைன்னு கேளுங்க" என்றாள். நான் எட்டிப் பார்த்தேன். அவனுடைய வரிசையில் கோடுகளைக் காட்டிலும் வட்டங்களே அதிகமாக இருந்தன.

அந்த ஒரு வாக்கியத்தில் அடங்கியிருக்கும் நியாயத்தைப் பற்றித்தான் இன்று எழுத விரும்புகிறேன். விளையாட்டுப் புள்ளிவிவரம் என்றவுடன், கம்ப்யூட்டரும் கேமராவும் பெரும்பணமும் வேண்டிய அந்நிய சாஸ்திரம் என்று பலர் மிரண்டு போகிறார்கள். வேறு சிலர், ஆட்டத்தின் அழகை அறியாத கணக்கர்களின் வீண் பிரயத்தனம் என்று எள்ளி நகையாடுகிறார்கள். இரண்டும் தவறு என்பது என் கட்சி. அந்தச் சாஸ்திரத்தின் சாரம் எண்களைக் குவிப்பதில் இல்லை. எந்த எண்ணை எந்த எண்ணால் வகுக்க வேண்டும் என்று அறிவதில் இருக்கிறது. அதற்கு வேண்டியவை ஒரு நோட்டும், ஒரு பென்சிலும், கூச்சலுக்கு இடையிலும் எண்ணிக்கை பிசகாத ஒரு மனமுமே ஆகும்.

இந்த உண்மையை நமக்குப் புகட்ட அமெரிக்காவிலிருந்து யாரும் வர வேண்டியதில்லை. நம்மிற் பலருடைய பெற்றோர் அதைப் பால்மரக் காட்டிலேயே கற்றவர்கள். செபராங் பிறைத் தோட்டமொன்றில் மரம் வெட்டி எங்களை வளர்த்த என் தகப்பனார், விடியுமுன் நிரைக்குப் போய், மங்குகளில் வடிந்த பாலை வாளியில் சேர்த்து, தோளில் சுமந்து பால் கொட்டகைக்குக் கொண்டுவந்து வரிசையில் நிற்பார். கிராணி வாளியை நிறுத்துப் பார்ப்பதோடு விட்டுவிடமாட்டார். மெட்ரோலாக் என்னும் மிதக்கும் கண்ணாடிக் கருவியைப் பாலில் இறக்கி, அதிலே காய்ந்த ரப்பர் எவ்வளவு தேறும் என்று பார்த்த பிறகே கணக்கு எழுதுவார். முந்திய இரவு பெய்த மழைநீர் மங்கில் கலந்திருந்தால் எடை கூடும், ரப்பர் கூடாது. நூறு ராத்தல் பாலில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குதான் ரப்பர் என்பது கொட்டகை வாசலில் நின்ற ஒவ்வொருவருக்கும் மனப்பாடம். கூடைப்பந்தில் ஒருவன் எடுக்கும் புள்ளிகள் வாளியின் எடை போன்றவை. அவற்றை எடுப்பதற்கு அவன் எத்தனை வாய்ப்புகளைச் செலவிட்டான் என்பதே மெட்ரோலாக் காட்டும் அளவு.

ஆட்டத்தில் வாய்ப்பு என்பதை எப்படி அளப்பது? ஓர் அணியின் கைக்குப் பந்து வந்து, எறியாகவோ இழப்பாகவோ முடிந்து, எதிரணியின் கைக்குப் போகும் வரையில் உள்ள காலத்தை ஒரு முறை என்று வைத்துக்கொள்வோம். ஓர் அணியின் முறை முடிந்தவுடன் மற்றதன் முறை தொடங்குவதால், ஆட்ட முடிவில் இரண்டு அணிகளுக்கும் கிடைத்த முறைகள் ஏறத்தாழச் சமமாகவே இருக்கும். ஆனால் ஆட்டத்துக்கு ஆட்டம் அந்த எண்ணிக்கை மாறும். ஆகவே ஓர் ஆட்டத்தில் ஓர் அணி வேகமாக ஆடி எண்பது புள்ளி எடுத்தது, வேறோர் ஆட்டத்தில் மற்றோர் அணி நிதானமாக ஆடி அறுபது எடுத்தது என்பதைக் கொண்டு முன்னது கெட்டிக்கார அணி என்று சொல்லிவிட முடியாது. முறைக்கு எத்தனை புள்ளி என்று வகுத்துப் பார்த்தால்தான் யோக்கியதை தெரியும். 1959இல் வெளியான ஃபிராங்க் மெக்குவயரின் நூலிலேயே, அவருடைய உதவிப் பயிற்றுநராயிருந்த டீன் ஸ்மித்தின் இந்த முறைக் கணக்கு இடம்பெற்றுவிட்டது. அந்த ஸ்மித் பிற்காலத்தில் வட கரோலினாப் பல்கலைக்கழகத்தின் புகழ்பெற்ற பயிற்றுநரானார்.

வகுத்தற் கணக்கு இவ்வாட்டத்தின் விதியையே ஒருமுறை மாற்றி அமைத்திருக்கிறது. 1950 நவம்பர் 22 அன்று அமெரிக்கத் தொழில்முறை ஆட்டமொன்றில், பந்தைக் கையில் வைத்துக்கொண்டு எறியாமலே காலத்தைக் கடத்தும் தந்திரத்தால், ஃபோர்ட் வேன் அணி மினியாபொலிஸ் அணியை 19க்கு 18 என்ற கணக்கில் வென்றது. பார்க்க வந்தவர்கள் கொட்டாவி விட்டுக்கொண்டு போகும் இந்நிலைக்குப் பரிகாரம் தேடிய சிரக்யூஸ் அணியின் உரிமையாளர் டேனி பியாசோன், ரசிகர்கள் விரும்பும் ஓர் ஆட்டத்தில் இரண்டு அணிகளும் சேர்ந்து சுமார் 120 எறிகள் எறிகின்றன என்று கண்டு, ஆட்டத்தின் 48 நிமிஷங்களாகிய 2,880 விநாடிகளை அந்த 120ஆல் வகுத்தார். வந்த விடை 24. ஓர் அணி 24 விநாடிக்குள் எறிந்தே தீரவேண்டும் என்னும் விதி 1954இல் பிறந்தது இவ்விதமாகத்தான்.

முறைக் கணக்கை முழு வடிவில் வகுத்துத் தந்தவர் சுற்றுச்சூழல் பொறியியல் பயின்ற டீன் ஆலிவர் என்பவர். வெற்றி தோல்வியை நான்கு காரணங்களாகப் பிரிக்கலாம் என்று 2004ஆம் ஆண்டை ஒட்டி வெளியான தம் நூலில் அவர் காட்டினார். எறிந்தவற்றில் எத்தனை விழுந்தன என்பது முதலாவது. மூன்று புள்ளிக் கூடையை இங்கே ஒன்றரைக் கூடையாகக் கொள்ள வேண்டும். முறைகளில் எத்தனையை எறியாமலே பறிகொடுத்தோம் என்பது இரண்டாவது. தவறிய நம் எறிகளில் எத்தனையை நாமே மீட்டோம் என்பது மூன்றாவது. எதிரியின் ஃபவுலால் நமக்குக் கிடைக்கும் தடையற்ற எறிகள், அதாவது ஃபிரீ த்ரோக்கள், எத்தனை என்பது நான்காவது. இவற்றின் முக்கியத்துவத்தை 40, 25, 20, 15 என்று நூற்றுக்கு அவர் பகிர்ந்தார். வானிலை ஆராய்ச்சியில் ஈடுபட்டிருந்த கென் பொமராய், இதே முறைக் கணக்கை அமெரிக்கக் கல்லூரி அணிகள் அனைத்துக்கும் விரித்து, எதிராளியின் பலத்துக்கேற்பத் திருத்தி, நூறு முறைக்கு எத்தனை புள்ளி என்று தரவரிசை செய்து வருகிறார். மழையை முன்கூட்டிச் சொல்கிறவருக்கு ஆட்டத்தின் போக்கும் பிடிபட்டதில் வியப்பில்லை; இரண்டிலும் இன்றைய ஆரவாரத்தை நம்பாமல் நீண்டகாலப் பதிவை நம்ப வேண்டியிருக்கிறது.

இக்கணக்கின் மகிமையைப் பிரத்தியட்சமாகக் காண, நம் ஊர்ப் பெயரையே தாங்கிய ஓர் அணியின் தோல்வியை எடுத்துக்கொள்வோம். ஃபிரான்சிஸ் லைட் 1786இல் பினாங்கில் ஜார்ஜ் டவுனை நிறுவியதற்கு மூன்றாண்டு கழித்து, வாஷிங்டனில் தோன்றியது ஜார்ஜ்டவுன் பல்கலைக்கழகம். 1985 ஏப்ரல் முதல் தேதி, கென்டக்கி மாநிலத்து லெக்சிங்டன் நகரில், அமெரிக்கக் கல்லூரிகளின் இறுதி ஆட்டத்தில் அது விலனோவாப் பல்கலைக்கழகத்தைச் சந்தித்தது. ஜார்ஜ்டவுன் முந்திய ஆண்டின் வெற்றியாளர். பேட்ரிக் யூயிங் என்னும் மகாபலசாலியைக் கொண்ட அணி. அதே பருவத்தில் விலனோவாவை இருமுறை சந்தித்து இருமுறையும் வென்ற அணி. விலனோவாவோ தன் வட்டாரத்தில் எட்டாம் இடம் குறிக்கப்பட்டு வந்த அணி. ஆட்டம் முடிந்தபோது விலனோவா 66, ஜார்ஜ்டவுன் 64. விலனோவா 28 எறிகளில் 22ஐக் கூடையில் இட்டது. பிற்பாதியில் அது தவறவிட்டது ஒரே ஓர் எறிதான். அந்நாள் தொட்டு அதைக் குற்றமற்ற ஆட்டம் என்றே எல்லாரும் புகழ்ந்து வருகின்றனர்.

கண் சொல்லும் கதை அது. இனி நோட்டைப் பார்ப்போம். ஜார்ஜ்டவுன் 53 எறிகளில் 29ஐக் கூடையில் இட்டது. அதாவது விலனோவாவைக் காட்டிலும் ஏழு கூடை அதிகம். அக்காலத்தில் கல்லூரி ஆட்டத்தில் மூன்று புள்ளிக் கோடு இன்னும் பொதுவிதி ஆகவில்லை. ஆகவே ஏழு கூடைக்கு 14 புள்ளி. ஃபிரீ த்ரோவில் விலனோவா 27க்கு 22, ஜார்ஜ்டவுன் 8க்கு 6. விலனோவாவுக்கு 16 புள்ளி அதிகம். பதினாறிலிருந்து பதினான்கைக் கழித்தால் இரண்டு. வெற்றியின் வித்தியாசமும் இரண்டேதான். எறியின் அற்புதத்தால் வென்றதாக உலகம் கொண்டாடும் அணி, எறிக்கூடைகளில் பின்தங்கி, ஒருவரும் கைதட்டாத ஃபிரீ த்ரோக் கோட்டில் நின்று வென்றது என்பது கூட்டல் கழித்தல் சொல்லும் கதை.

ஆயினும் அங்கேயே நின்றுவிட்டால் அரைக் கிணறு தாண்டினவர்களாவோம். இருவருக்கும் சமமான முறைகள் கிடைத்திருக்க, ஜார்ஜ்டவுன் மட்டும் 25 எறிகள் அதிகமாக எறிந்தது எப்படி? விலனோவா 17 முறை பந்தைப் பறிகொடுத்தது. ஜார்ஜ்டவுன் 11 முறை. இதிலே ஆறு கிடைத்தது. ஃபிரீ த்ரோக்கள் பெரும்பாலும் இரண்டிரண்டாக வருவதால், விலனோவாவின் 27ஐச் சுமார் 13 முறையாகவும் ஜார்ஜ்டவுனின் எட்டைச் சுமார் நான்காகவும் கொண்டால், விலனோவா ஒன்பது முறைகளைச் சாதாரண எறியில் அல்லாமல் ஃபிரீ த்ரோவில் முடித்தது தெரியவரும். ஆறும் ஒன்பதும் பதினைந்து. எஞ்சிய பத்து எங்கிருந்து வந்தது? தவறிய தன் பந்தைத் தானே தாவிப் பிடித்து மறுபடி எறிந்திருந்தாலொழிய அது வந்திருக்க வழியில்லை. அக்காட்சியை நேரில் காணாத நாம், நாற்பதாண்டுக்குப் பின்னர், ஆயிரக்கணக்கான காதங்களுக்கு அப்பால் ஆயர் ஈத்தாமில் உட்கார்ந்துகொண்டு, ஜார்ஜ்டவுன் விலனோவாவைக் காட்டிலும் சுமார் பத்து மறுவாய்ப்புகளைப் போராடிப் பெற்றது என்று கணக்கினாலேயே அனுமானிக்க முடிகிறது. ஆலிவரின் நான்கு காரணங்களில் இரண்டில், அதாவது பந்தை இழக்காமையிலும் தவறிய பந்தை மீட்பதிலும், தோற்ற அணியே வென்றது. மற்ற இரண்டில் வென்ற அணி வென்றது. தோற்றவர் சோம்பியிருக்கவில்லை என்பதை 66க்கு 64 என்ற செய்தி சொல்லவில்லை; நோட்டு சொல்கிறது.

இனி, நோட்டு சொல்லாததையும் சொல்லியாக வேண்டும்; இல்லாவிட்டால் நான் கணக்கர்களின் கூலிக்கு வாதாடுபவன் ஆவேன். பாதிக்குப் பாதி எறியைக் கூடையில் இடும் ஓர் அணி, 28 எறிகளில் 22ஓ அதற்கு மேலோ இடுவதற்கு உள்ள சாத்தியம் என்ன? நாணயத்தை 28 தடவை சுண்டி 22 தடவைக்குக் குறையாமல் தலை விழுவதற்கு ஒப்பானது அது. கணக்கிட்டுப் பார்த்தால் ஏறத்தாழ 540க்கு ஒன்று. விலனோவாவின் பிள்ளைகள் நாணயங்கள் அல்லர். நல்ல எறியை எதிர்பார்த்துப் பொறுமையாகக் காத்திருந்தவர்கள். எறிய வேண்டிய காலத்துக்கு வரம்பு வைக்கும் விதி கல்லூரி ஆண்கள் ஆட்டத்துக்கு அடுத்த பருவத்தில்தான் வந்தது என்பதால், காத்திருக்க அவர்களுக்கு அவகாசமும் இருந்தது. அப்படியிருந்தும், அந்த இரவில் அதிர்ஷ்டத்துக்கு ஒரு பங்கு உண்டு என்பதை மறுக்க முடியாது. ஓர் ஆட்டத்தின் புள்ளிவிவரம் அன்று நடந்ததைச் சொல்லும். ஆட்டக்காரனின் தகுதியைச் சொல்ல ஒன்று போதாது. எதிராளியை நெருங்கி நின்று, அவன் எறிய நினைத்த பந்தை எறியவொட்டாமல் செய்யும் காவலனின் உழைப்பு எந்தப் பத்தியிலும் எளிதில் விழுவதில்லை. தோற்றுக்கொண்டிருக்கும் வேளையில் சக ஆட்டக்காரனின் முதுகைத் தட்டிக் கொடுப்பவனுக்கும் நோட்டில் கட்டம் கிடையாது.

அனுபவம் முதிர்ந்த பயிற்றுநரின் கண்ணுக்கு இணை உண்டா என்று கேட்பவர்களுக்கு என் மறுமொழி இதுதான். கண் பெரிது, ஆனால் ஆரவாரம் எழும் திசையில் திரும்புவது அதன் சுபாவம். பந்து கூடைக்குள் விழுவதை எல்லாக் கண்களும் பார்க்கின்றன. விழாத எறிகளை எல்லாக் கண்களும் மறந்துவிடுகின்றன. கண் மறப்பதை நோட்டு ஞாபகம் வைத்திருக்கிறது. நோட்டுக்கு எட்டாததைக் கண் எட்டிப் பிடிக்கிறது. இரண்டும் ஒன்றுக்கொன்று சாட்சி. தெரிந்தெடுக்கும் இடத்தில் தன் இனத்தாரும் உறவினரும் இல்லாத ஒரு பிள்ளைக்கு, உயரமோ பகட்டோ இல்லாத ஒரு பிள்ளைக்கு, பரிந்து பேசத்தக்க சாட்சி வேறு யார் இருக்கிறார்கள்?

கூடைப்பந்து நமக்கு அந்நியம் என்ற எண்ணத்துக்கும் ஆதாரம் இல்லை. கெக் லோக் சியின் ஆரம்பத் திருப்பணிகள் நடந்துகொண்டிருந்த காலத்தை ஒட்டி, 1891 டிசம்பரில், அமெரிக்காவின் ஸ்பிரிங்ஃபீல்டில் இருந்த ஒய்.எம்.சி.ஏ. பயிற்சிப் பள்ளியில் ஜேம்ஸ் நெய்ஸ்மித் இரண்டு பீச் பழக்கூடைகளை மாட்டி இவ்வாட்டத்தைத் தொடங்கினார். அதே ஸ்பிரிங்ஃபீல்டில் பயின்ற ஹாரி குரோ பக், 1920இல் சென்னையில் ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்விப் பள்ளியை நிறுவினார். அந்நகரிலிருந்து எழுந்து இந்தியப் பெண்கள் அணிக்குத் தலைமை தாங்கிய அனிதா பால்துரைக்கு 2021இல் பத்மஸ்ரீ விருது கிடைத்தது.

ஆகையால் இம்மாநிலத்துப் பள்ளிகளுக்கும் கல்லூரிகளுக்கும் என் விண்ணப்பம் எளியது. ஒவ்வொரு கூடைப்பந்து அணியும் ஆட்டக்காரர்களோடு ஒரு கணக்குப்பிள்ளையையும் சேர்த்துக்கொள்ளட்டும். விளையாட உடல்வாகு இல்லாத, ஆனால் விளையாட்டின்மேல் பித்துக்கொண்ட மாணவ மாணவியர் எல்லாப் பள்ளியிலும் இருக்கிறார்கள். அவர்களுக்கும் அணியில் ஓர் ஆசனம் கிடைக்கும். கணித ஆசிரியர் சதவீதத்தையும் சராசரியையும் சாத்தியக்கூற்றையும் கரும்பலகையில் கற்பிக்கப் படும் பாட்டில் பாதி, மைதானத்து ஓரத்தில் தானாகவே குறைந்துவிடும். ஆட்டக்காரரைச் சேர்க்கும்போதும் நீக்கும்போதும், குறைந்தது பத்து ஆட்டங்களின் நோட்டு மேசைமேல் விரிந்திருக்கட்டும். நம் தமிழ் நாளேடுகளும், இன்னார் இத்தனை புள்ளி எடுத்தார் என்று அச்சிடும் இடத்தில், எத்தனை எறியில் எடுத்தார் என்ற ஓர் எண்ணையும் சேர்த்து அச்சிடட்டும். அதற்கு ஓர் அங்குல இடம்கூட வேண்டியதில்லை.

நான் பார்க்கப் போன ஆட்டத்தில், சந்தைக்குப் பின்புறத் தெருவில் பூக்கட்டி விற்கும் குடும்பத்துப் பிள்ளை ஒருவனும் ஆடினான். குட்டையானவன், கூடை போட்டது இரண்டே தடவை. அவன் பெயரைச் சொல்லி யாரும் கூவவில்லை. அடுத்த போட்டிக்கு அவனை அழைப்பார்களோ மாட்டார்களோ என்ற சந்தேகம் அவனுடைய முகத்திலேயே எழுதியிருந்தது. ஆட்டம் முடிந்து அவன் எங்கள் பக்கம் வந்தபோது, என் பேத்தி நோட்டை நீட்டி அவனுடைய வரிசையை விரலால் காட்டினாள். பெருக்கற்குறி ஒன்றுகூட இல்லை. தாவிப் பிடித்த பந்துகளுக்கான புள்ளிகள் கட்டம் கொள்ளாமல் அடுத்த கட்டத்துக்குள் புகுந்திருந்தன. அவன் நெடுநேரம் அதையே பார்த்துக்கொண்டு நின்றான்.

"அக்கா, இதை எங்க கோச்சுகிட்ட காட்டலாமா?" என்றான்.

"இது ஒரே ஒரு ஆட்டம்தான் தம்பி. இதை வச்சுப் பேசினா நாளைக்கு அவரு வேற ஒரு ஆட்டத்தைக் காட்டுவாரு. இன்னும் ஒன்பது எண்ணிட்டு, அப்புறம் காட்டுவோம்" என்றாள் அவள்.

சனிக்கிழமை அடுத்த ஆட்டம். நானும் ஒரு கட்டம் போட்ட நோட்டு வாங்கி வைத்திருக்கிறேன்.